கொடைக்கானலில் கொதிக்கும் தண்ணீர்: அடுப்படியில் ஓர் அதிசயம்!

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

"நூறு டிகிரி!" என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சட்டென்று சொல்லிவிடுவான்.

அந்தப் பையன் ராமேசுவரத்துக் கடற்கரையில் இருந்தால், அவன் சொன்னது சரி. கொடைக்கானலில் இருந்தால், தவறு!

கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கும். ஆவி பறக்கும். மூடி ஆடும். ஆனால் சூடு அதற்கு மேல் ஏறாது. விறகை அள்ளி அள்ளி வைத்தாலும் ஏறாது. கியாஸ் அடுப்பை முழுதாகத் திருப்பி விட்டாலும் ஏறாது.

"ஏழு டிகிரிதானே குறைகிறது! அதனால் என்ன குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம்.

குடி முழுகாது. ஆனால் தயிர் கெடும். மாவு ஊசும். ஊறுகாயில் பூஞ்சணம் பிடிக்கும். குழந்தையின் பால் புட்டியில் கிருமி தங்கினால், குழந்தையின் வயிறு கெடும். பாத்திரங்களை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்கிற ஒவ்வொரு குடும்பமும் இந்த ஏழு டிகிரி ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்றின் சுமை

மலையில் ஏன் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கிறது?

காற்றுக்கும் எடை உண்டு. நம் தலைக்கு மேலே பல மைல் உயரத்துக்குக் காற்று இருக்கிறது. அந்தக் காற்று முழுவதும் கீழே அழுத்துகிறது. உலைப் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரையும் அது அழுத்துகிறது.

தண்ணீர் கொதிக்க வேண்டுமானால், உள்ளே உண்டாகும் ஆவிக் குமிழி அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டும். சுமை அதிகமானால் சூடும் அதிகம் வேண்டும். சுமை குறைந்தால் கொஞ்சம் சூடே போதும்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே மேலே இருக்கும் காற்று குறைவு. கடற்கரையில் உள்ள அழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே குமிழி சுலபமாகக் கிளம்பிவிடுகிறது.

ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் இருக்கும் பழனியில் தண்ணீர் சுமார் 99 டிகிரியில் கொதிக்கும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற கீழ்மலை ஊர்களில் இன்னும் சில டிகிரி குறையும். மேல்மலையில் அதைவிடவும் குறையும்.

டார்வினின் உருளைக்கிழங்கு

இந்த விந்தையை நேரில் கண்டவர்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி சார்லஸ் டார்வின்.

1835-ஆம் ஆண்டு. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலையை அவர் கடந்துகொண்டிருந்தார். இரவு தங்கிய இடத்தில் உடன் வந்தவர்கள் உருளைக்கிழங்கை உலையில் போட்டார்கள். பல மணி நேரம் கொதித்தது. கிழங்கு வேகவில்லை. இரவு முழுவதும் அடுப்பிலேயே வைத்தார்கள். காலையில் மறுபடி கொதிக்க வைத்தார்கள். அப்போதும் வேகவில்லை!

உடன் வந்தவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? "பானை புதுசு, அதனால்தான் வேகவைக்க மாட்டேன் என்கிறது" என்று பானைமீது பழி போட்டார்கள். உண்மையில் குற்றவாளி பானை அல்ல. காற்றின் அழுத்தக் குறைவுதான் என்பது டார்வினுக்குத் தெரிந்திருந்தது.

கொடைக்கானல் அவ்வளவு உயரம் இல்லை. கிழங்கு வெந்துவிடும். ஆனால் நேரம் கூடுதலாகும். பருப்பும் அப்படித்தான். மலையில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். அரிசி வேகாவிட்டால் வாயில் போட்டதும் தெரிந்துவிடுகிறது. கிருமி சாகாவிட்டால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கேதான் ஆபத்து!

மாமியாரும் மருமகளும்

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் கொடைக்கானலுக்குக் குடிவந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் மருமகள் பாலைக் காய்ச்சி, ஆற்றி, உறை ஊற்றி வைத்தாள். மறுநாள் காலையில் திறந்து பார்த்தாள். பால் பாலாகவே இருந்தது! மறுநாளும் வைத்தாள். மாலையில் தயிர் போல ஏதோ ஆகியிருந்தது. கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுத்தது. வாடையும் சரியில்லை.

"என்ன அத்தை இது? மதுரையில நாலஞ்சு மணி நேரத்துல கெட்டியா உறைஞ்சிடுமே!"

"ஊரு குளிரும்மா. பாத்திரத்தை நல்லா வெந்நீர்ல அலசினியா?"

"கொதிக்கிற தண்ணிய ஊத்தி அலசினேனே அத்தை!"

"ஊத்தினா போதாதும்மா. வேகவிடணும்!"

மாமியார் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஏன் என்று பார்ப்போம்.

பாத்திரத்துக்குள் ஓட்டப் பந்தயம்

பால் தயிராவதும், இட்லி மாவு பொங்குவதும், பழச்சாறு காடியாவதும் தானாக நடப்பவை அல்ல. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் செய்யும் வேலை அது. தயிரில் அந்த வேலையைச் செய்வது, நாம் உறையாக ஊற்றும் மோரில் உள்ள நல்ல கிருமி. பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகிறது. புளிப்பு ஏறியதும் பால் உறைகிறது. அந்தப் புளிப்பே பல கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் விரட்டியும் விடுகிறது.

ஆக, பாத்திரத்துக்குள் நடப்பது ஓர் ஓட்டப் பந்தயம். நல்ல கிருமி முந்தினால் நமக்குத் தயிர். கெட்ட கிருமி முந்தினால் குப்பைத் தொட்டி.

மதுரை வெயிலில் நல்ல கிருமி குதிரைபோல ஓடும். 40 டிகிரியை ஒட்டிய சூடு அதற்கு மிகவும் பிடிக்கும். சில மணி நேரத்தில் புளிப்பை ஏற்றி, பந்தயத்தை முடித்துவிடும். பாத்திரத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும், வேற்றுக் கிருமிக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

கொடைக்கானல் குளிரில் அந்தக் குதிரை நொண்டுகிறது. பந்தயம் ஒரு நாள், ஒன்றரை நாள் என்று நீளுகிறது. அதற்குள் பாத்திரத்தின் விளிம்பிலும், கரண்டிக் காம்பிலும் ஒட்டியிருந்த வேற்றுக் கிருமிகள் பெருகிவிடுகின்றன.

ஆகவே மலையில் இருப்பவர்களுக்கு இரட்டைத் தொல்லை. ஒன்று, புளிப்பு மெதுவாக ஏறுவதால் பாத்திரம் அதிகச் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு, அதைச் சுத்தம் செய்யும் கொதிநீரோ சூடு குறைந்தது! சமவெளியில் உள்ள பழக்கத்தை அப்படியே மலைக்குக் கொண்டு வந்தால் ஏமாற்றம்தான்.

பாஸ்டர் ஏறிய மலை

கிருமிக்கும் சூட்டுக்கும் உள்ள பகையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி.

1856-ஆம் ஆண்டில் லீல் நகரத்தில் பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் ஓர் ஆலைக்காரர் அவரிடம் ஓடி வந்தார். சில தொட்டிகளில் சரக்கு சரியாக வருகிறது. சில தொட்டிகளில் புளித்துக் கெட்டுவிடுகிறது. காரணம் தெரியவில்லை என்று முறையிட்டார்.

பாஸ்டர் நுண்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான சிற்றுயிர்கள் இருந்தன. கெட்ட தொட்டியில் குச்சிபோன்ற வேறு சிற்றுயிர்கள் நெளிந்தன. பாலைப் புளிக்கவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவை அவை. வேடிக்கையைப் பாருங்கள்! தயிர்ப் பானையில் கதாநாயகனாக இருப்பவனுக்குச் சொந்தக்காரன், மதுத் தொட்டியில் வில்லன்!

1860-ஆம் ஆண்டில் பாஸ்டர் இன்னொரு காரியம் செய்தார். சத்து நீரைக் கண்ணாடிக் குடுவைகளில் கொதிக்கவைத்து, வாயை உருக்கி அடைத்தார். அவற்றைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். ஆங்காங்கே குடுவையைத் திறந்து, அந்த இடத்துக் காற்றை உள்ளே விட்டு, மறுபடி அடைத்தார்.

மலையடிவாரத்தில் திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டன. கொஞ்சம் உயரத்தில் திறந்த 20-இல் 5 கெட்டன. ஆல்ப்ஸ் மலையில், சுமார் 6,000 அடிக்கு மேல், பனியாற்றின் ஓரத்தில் திறந்த 20-இல் ஒன்றே ஒன்றுதான் கெட்டது! அந்த இடம் நம் கொடைக்கானலைவிடச் சற்றே தாழ்ந்தது.

கெடுதி வந்தது காற்றில் மிதந்த தூசியோடு என்பது இதனால் விளங்கியது. தூய மலைக்காற்றில் கிருமி குறைவு.

"அப்படியானால் கொடைக்கானல் காற்றில் கிருமியே இருக்காதே!" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பாஸ்டர் குடுவையைத் திறந்தது பனியாற்றின் ஓரத்தில். நாம் தயிர்ப் பாத்திரத்தைத் திறப்பது சமையல் கட்டில்! அங்கே கைப்பிடித் துணி இருக்கிறது. நேற்றைய மாவு ஒட்டிய கரண்டி இருக்கிறது. பால் புரண்ட மேடை இருக்கிறது. மலைக்காற்று இவற்றைச் சுத்தம் செய்யாது.

1845-ஆம் ஆண்டிலேயே மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். சமவெளியில் நோய்க்குப் பலரைப் பறிகொடுத்துவிட்டு, பிழைத்தால் போதும் என்று மலை ஏறினார்கள். நோய்க்குக் காரணம் கிருமி என்பது அப்போது யாருக்கும் விளங்கவில்லை. இன்று நமக்குத் தெரியும். தெரிந்தும் கவனிக்காமல் இருந்தால் அது நம் தவறு.

60 டிகிரியே போதும், ஆனால்...

1860-களில் பாஸ்டர் திராட்சை மதுவைச் சுமார் 60 டிகிரி வரை சூடாக்கினால் அது கெடுவதில்லை என்று கண்டார். அந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பின்னால் அது பாலுக்கும் வந்தது. பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தாலும், 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலும் நோய்க் கிருமிகள் மடிகின்றன.

நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அந்த வேலை நமக்கு வேண்டாம். ஆனால் மதுத் தொட்டியில் கற்ற பாடம் தயிர்ப் பானைக்கும் உதவுகிறது.

63 டிகிரியில் சாகிற கிருமி 93 டிகிரியில் சாகாதா? நிச்சயம் சாகும்! ஆகவே கொடைக்கானல் வெந்நீர் உதவாது என்று யாரும் பயப்பட வேண்டாம். சூடு குறைவதை நேரத்தால் ஈடுகட்ட வேண்டும். இதுதான் முழு ரகசியமும்.

எத்தனை நிமிடம்?

குடிதண்ணீர்: சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 6,500 அடிக்கு மேல் உள்ள ஊர்களில் 3 நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிலையம் சொல்லும் கணக்கு. கொடைக்கானல் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது.

ஊறுகாய், ஜாம், காடி வைக்கும் கண்ணாடி ஜாடி: சமவெளியில் 10 நிமிடம். பிறகு ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஒரு நிமிடம் கூட்ட வேண்டும். கொடைக்கானலுக்குச் சுமார் 17 நிமிடம். கணக்குப் பார்க்காமல் 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை. தயிர்ப் பாத்திரத்துக்கும் அதன் கரண்டிக்கும் இதே முறை நல்லது.

குழந்தையின் பால் புட்டி: சமவெளியில் 5 நிமிடம். மலையில் 10 நிமிடமாக வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது? பாத்திரத்தை அடுப்பில் வைத்ததிலிருந்து அல்ல. ஓரத்தில் சிறு குமிழி வந்ததிலிருந்தும் அல்ல. நடுவிலும் ஓரத்திலும் பெரிய குமிழி கிளம்பித் தண்ணீர் புரளத் தொடங்கியதிலிருந்து எண்ண வேண்டும்.

முதலில் தேய்ப்பு, பிறகு கொதிப்பு

அழுக்குப் பாத்திரத்தை எத்தனை நேரம் வேகவைத்தாலும் பயன் இல்லை. காய்ந்த பால் ஏடும், மாவுப் பொருக்கும் கிருமிக்குக் கோட்டைச் சுவர். சூடு உள்ளே புகாது. ஆகவே முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலச வேண்டும். மூடியின் உட்பக்கம், தூக்கின் விளிம்பு, மத்தின் பல்லிடுக்கு ஆகியவை கிருமி ஒளியும் இடங்கள்.

எவர்சில்வர் பாத்திரம் எத்தனை நேரம் கொதித்தாலும் தாங்கும். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் எச்சரிக்கை வேண்டும். குளிர்ந்த ஜாடியில் கொதிநீரை ஊற்றினால் "படார்" என்று விரிசல் விடும். பெரிய பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை மடித்துப் போடுங்கள். ஜாடியை வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, தண்ணீரும் ஜாடியும் சேர்ந்தே சூடேறும்படி செய்யுங்கள். எடுத்த பிறகு குளிர்ந்த கல் மேடையில் வைக்காமல், உலர்ந்த துணிமேல் வையுங்கள்.

கடையில் தண்ணீரும் சர்பத்தும் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் புட்டி கொதிநீரில் சுருங்கிவிடும். அதைப் புளிக்கும் பண்டத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. மண் பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பழைய புளிப்பு அவற்றில் தங்கும். நன்றாகக் கழுவி, உள்ளும் புறமும் வெயிலில் காயவையுங்கள். வாடை போகாத பானையை மாற்றிவிடுங்கள்.

கொதித்து எடுத்த பாத்திரத்தைக் கைப்பிடித் துணியால் துடைக்கக் கூடாது! பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். கவிழ்த்து வைத்தால் சூட்டிலேயே ஈரம் உலரும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் கொடைக்கானலில் எதுவும் எளிதில் காயாது. ஆறிய பாத்திரத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் வரும். ஆகவே சூடாக இருக்கும்போதே தண்ணீரை வடித்துவிடுங்கள்.

தயிருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெந்நீரிலிருந்து எடுத்த பாத்திரம் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் விரல் தாங்கும் சூட்டில் பாலை ஊற்றி, புதிய மோரை உறையாகச் சேர்த்து, கம்பளியால் சுற்றி வைத்தால், நல்ல கிருமிக் குதிரை நன்றாக ஓடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆனால் சுடச்சுட இருக்கும் பாலில் உறை ஊற்றாதீர்கள். கெட்டதைக் கொல்லும் சூடு நல்லதையும் கொன்றுவிடும்.

கொதித்தாலும் சாகாத கிருமி

எல்லாக் கிருமியும் கொதிநீரில் சாகுமா? சாகாது!

சில கிருமிகள் ஆபத்து வந்தால் விதைபோலச் சுருண்டு, தடித்த ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். நூறு டிகிரியில் கொதித்தாலும் அந்த ஓடு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிறகு காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து, கொடிய விஷத்தை உண்டாக்கும்.

1895-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் ஓர் இறுதிச் சடங்குக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள், விருந்தில் உப்பிட்ட பன்றி இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பலர் நோயில் விழுந்தார்கள். மூவர் மாண்டார்கள். அந்த இறைச்சியை ஆராய்ந்துதான் இந்தக் கிருமியை விஞ்ஞானிகள் பிடித்தார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உண்டு. கொடைக்கானல் மலைப் பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை உடையது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இந்தக் கிருமியின் விதையும் உண்டு. கனடாவின் வான்கூவர் நகரத்தில் 1985-இல், எண்ணெயில் போட்டு வைத்திருந்த பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இந்த விஷத்தால் நோயுற்றார்கள்.

ஆகவே வெறும் எண்ணெயில் பூண்டைப் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். நம் பாட்டிமார்கள் பூண்டு ஊறுகாயில் புளியையும், எலுமிச்சைச் சாற்றையும், உப்பையும் தாராளமாகச் சேர்த்தார்கள். அந்தப் புளிப்பும் உப்பும்தான் காவல்.

கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு இன்னொரு வார்த்தை. மலைத்தேனாக இருந்தாலும் சரி, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். தேனிலும் இந்த விதை இருக்கக்கூடும். தேனைக் காய்ச்சினாலும் அது சாகாது.

இந்த விதையைக் கொல்ல 121 டிகிரி சூடு வேண்டும். மருத்துவமனைகளில் நீராவியை அடைத்து அழுத்தம் ஏற்றி அந்தச் சூட்டை உண்டாக்குகிறார்கள். நம் வீட்டுக் குக்கரும் அதற்குத் தம்பிதான். வெளியே காற்று விட்ட அழுத்தத்தைக் குக்கர் தன் வயிற்றுக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. சமவெளியில் அதன் உள்ளே சுமார் 120 டிகிரி ஏறும். கொடைக்கானலில் சுமார் 116. திறந்த பாத்திரத்தின் 93 எங்கே, இது எங்கே! உறை மோர்க் கிண்ணம் போன்ற சிறு எவர்சில்வர் பாத்திரங்களைக் குக்கரில் 15 நிமிடம் நீராவியில் வைத்தால் கொதிநீரைவிட நல்ல பலன் கிடைக்கும்.

அப்படியும், வேகவைத்த காய்கறியையும் இறைச்சியையும் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கும் வேலை வீட்டில் வேண்டாம்.

ஏழு டிகிரிப் பாடம்

கொடைக்கானலுக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். தூண் பாறையைப் பார்க்கிறார்கள். குளிருக்கு ஒரு தேநீர் வாங்கிக் குடிக்கிறார்கள். அந்தத் தேநீர்த் தண்ணீர் 93 டிகிரியில் கொதித்தது என்பது பலருக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. மறுநாள் மலை இறங்கிவிடுவார்கள்.

மலையிலேயே குடித்தனம் நடத்தும் தாய்மார்களுக்கு அப்படி அல்ல. மாமியார் சொன்ன ஒரே வார்த்தையை அவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கொதிநீரை ஊற்றினால் போதாது, வேகவிட வேண்டும்!